தீவில் தங்குவதோ, கரையில் தங்குவதோ?

வேனில் விடுமுறை அணுகுங்கால் கல்லூரியிற் பயிலும் இளைஞர் உள்ளம் கடலை நாடுதல் இயல்பே. காவிரிக் கழிமுகத்து வயல்வெளியிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வாசை பின்னும் மிகுதியாம். ஆண்டு முழுதும் வரப்பும் வாய்க்காலும் கண்டு பழகிய கண்களுக்கு, மறுகரை காணாத நீர்ப்பரப்பு ஒரு புத்துணர்ச்சியைத் தருகின்றது. ஆனால், "கடலுக்குப் போவோம்" என்று துணிந்த பின்னர் மற்றொரு வினா எழுகின்றது. நிலத்தோடு ஒட்டிய கடற்கரையில் தங்குவதா, நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் தங்குவதா என்பதே அது.

இவ்வினாவைப் பெரும்பாலார் அழகு ஒன்றைக் கொண்டே தீர்க்க முற்படுகின்றனர். எவ்விடத்துப் படத்தில் நீர் நீலமாகத் தோன்றுகின்றதோ அவ்விடமே சிறந்தது என்பது அவர் கருத்து. அழகைப் பற்றி யாம் வழக்காடப் புகவில்லை, இரண்டும் அழகியனவே. ஆயினும் பகலிற் கண்டு திரும்புதல் வேறு; முதியோரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்று, இரவு பல தங்குதல் வேறு. தங்குமிடத்தைத் தீர்மானிக்க வேண்டியவை திரும்பும் வழி, குடிக்கும் நீர், வீசும் காற்று என்னும் மூன்றேயாம். இம்மூன்றையும் வினவி அறிந்த பின்னர் அழகைத் தேடுவோர் ஏமாற்றமடையார். நன்னிலத்திலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தை மனத்திற் கொண்டு இதனைச் சற்று விரித்துரைப்பாம்.

நமக்கு அணித்தாய இடங்கள்

நன்னிலத்திற்கு நேர் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் கடல் உளது. அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்கால், அதற்கு வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, இன்னும் தெற்கே சென்றால் கோடிக்கரை ஆகிய இவை நிலத்தோடு ஒட்டிய கரைகள். நன்னிலம் இப்பொழுது அடங்கியுள்ள திருவாரூர் மாவட்டத்திற்கும் தெற்கே முத்துப்பேட்டைப் பக்கத்திற் கடலுண்டு. ஆயின் அஃது அலையாத்திக் காடும் சேறும் நிறைந்த காயல். படகிற் சென்று காண்டற்கு ஏற்றதேயன்றி நீராடித் தங்குதற்கு ஏற்றதன்று.

தீவு என்றவுடன் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது இராமேசுவரம். பாம்பன் தீவு என்பது அதன் மற்றொரு பெயர். அதற்கும் இராமநாதபுரக் கரைக்கும் இடையே ஒரு காலத்தில் நிலத்தொடர்பு இருந்ததென்றும், 1480-ஆம் ஆண்டளவில் வீசிய பெரும்புயல் அதனை அறுத்ததென்றும் ஒரு வழக்கு உண்டு. அதற்கப்பாற் செல்ல விழைவோர்க்கு மேற்கே இலட்சத்தீவுகளும் கிழக்கே அந்தமான் தீவுகளும் உள. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 சிறு தீவுகள் 1986-இல் கடல்வாழ் உயிர்களுக்கான தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவை தங்குதற்குரியன அல்ல.

முதலாவது: திரும்பும் வழி

ஓரிடத்திற்குச் செல்லும் வழியை எல்லாரும் விசாரிக்கின்றனர். திரும்பும் வழியை விசாரிப்போர் சிலரே. தரங்கம்பாடியில் தங்கியிருப்போர் ஒருவருக்கு நள்ளிரவில் நோய் கண்டால், ஒரு மோட்டார் வண்டி அமர்த்திக் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ செல்லலாம். ஒரு சாலை அடைபட்டால் மற்றொரு சாலை உண்டு. நிலத்தின் பெருஞ்செல்வம் இதுவே: அதற்கு வழிகள் பல.

தீவுக்கோ வழி ஒன்று அல்லது இரண்டே. பாம்பன் தீவுக்கு முதல் ரயிற்பாலம் 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1988-இல் சாலைப் பாலம் வந்தது. பழைய ரயிற்பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, கப்பல் செல்லுங்கால் நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்குடி வழியாக இராமேசுவரம் செல்லும் விரைவுவண்டியும் அன்றே தொடங்கி வைக்கப்பட்டது. ஆதலின் நன்னிலத்தார் திருவாரூரில் ஏறி, இடையில் வண்டி மாறாமலே தீவை அடைய வழி ஏற்பட்டது.

பாலம் வந்தபின் தீவும் கரையும் ஒன்றாகிவிடவில்லையோ என்று சிலர் வினவலாம். முந்நூறு நாட்களுக்கு ஒன்றாகிவிட்டது உண்மையே. ஆயினும் பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி உண்டு. காற்று ஓரளவுக்கு மேற்சென்றால் ரயில் நிறுத்தப்படும். எந்நாளில் நாம் தீவை விட்டு அகல மிகவும் விரும்புவோமோ, அந்நாளிலேயே பாலம் மூடப்படும் என்பதை மறத்தலாகாது.

பாலமில்லாத தீவுகளில் நிலைமை இன்னும் கடினம். 2016 டிசம்பரில் அந்தமானில் புயற்சின்னம் எழுந்தபொழுது, அக்காலத்தில் ஹாவ்லாக் எனப் பெயர் பெற்றிருந்த தீவிலும் அதனையடுத்த நீல் தீவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் சில நாட்கள் வெளியேற இயலாது தவித்தனர். கடற்படையினர் சென்று அவர்களை மீட்டனர். நமக்கு அண்மையிலேயே மற்றொரு சான்றும் உளது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-இல் தொடங்கப்பெற்று, வடகிழக்குப் பருவக்காற்றை முன்னிட்டுச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது; 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் தொடங்கியது. கடல்வழிப் பிரயாணத்தின் நாட்குறிப்பை எழுதுவது மனிதன் அல்லன், கடலே.

ஆகவே தீவுக்குச் செல்வோர் தாம் தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு நாட்களையேனும் மிச்சம் வைத்துக்கொள்ளல் வேண்டும். கல்லூரி திறக்கும் நாளுக்கு முன்னாள் தீவிலிருந்து புறப்படுவதாகத் திட்டமிடுவது அறிவுடைமையாகாது.

இரண்டாவது: குடிக்கும் நீர்

கடல் சூழ்ந்த தீவில் நன்னீர் எங்கிருந்து வருகின்றது? இதன் காரணம் அறிந்து மகிழ்தற்குரியது. நன்னீர் உப்புநீரினும் இலேசானது. மழைநீர் தீவின் மணலிற் புகுந்து கீழிறங்குங்கால், அடியிலுள்ள உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல், அதன்மேல் மிதக்கின்றது. அம்மிதவை நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், மூக்குக் கண்ணாடியின் வில்லை போன்ற வடிவுடையது. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருத்தல் கூடும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர் கணித்த விதி. தனுஷ்கோடியில் கடலுக்கு மிக அருகிலேயே மணலைச் சில அடி தோண்டிக் குடிநீர் எடுக்கும் மீனவரின் வழக்கத்திற்குக் காரணம் இதுவே.

இவ்விதியைத் திருப்பிப் பார்த்தால் அதன் அபாயம் விளங்கும். மேலே ஓரடி நீரை இறைத்துவிட்டால், கீழே 40 அடி உப்புநீர் மேலெழுந்துவிடும். ஊரார் குடத்தாற் சுமந்து பயன்படுத்திய காலத்தில் கிணறு இனித்தது. விடுதிகள் இயந்திரத்தால் இறைத்த காலத்தில் உவர்த்தது. இலட்சத்தீவுகளில் ஆறு ஒன்றேனும் இல்லை. அங்குக் கவரத்தித் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2005-இல் நிறுவப்பட்டதும் இத்தேவை பற்றியே.

நிலத்துக் கரையில் இக்கவலை அறவே இல்லை என்று கூறுதற்கில்லை. நாகப்பட்டினத்திலும் வேதாரணியத்திலும் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானதே. வேதாரணியத்து உப்பளங்களைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். ஆயினும் கரைக்குப் பின்னே காவிரியும் கொள்ளிடமும் உள. தொலைவிலிருந்து குழாய் வழியே நன்னீரைக் கொணர்தல் இயலும். தீவுக்குப் பின்னே உள்ளது மீண்டும் கடலே. எனவே விடுதியை அமர்த்துமுன், "குடிநீர் எங்கிருந்து வருகின்றது?" என்று ஒரு வினா வினவுக. அதற்குத் தெளிவான விடை கூறும் விடுதியார் பிறவற்றிலும் நம்பத்தக்கவராயிருப்பர்.

மூன்றாவது: வீசும் காற்றும் எழும் அலையும்

நீராடும் வசதியில் தீவே பெரும்பாலும் மேம்பட்டது. நம் சோழமண்டலக் கரைக்குக் கிழக்கு முகம் ஒன்றே உண்டு. எதிரே தடுப்பாகப் பவழப் பாறையோ தீவோ இல்லை. வங்கக் கடலின் அலை முழு வலியோடு வந்து மோதுகின்றது. அலை கொணர்ந்த நீர் கடலுக்கு மீளுங்கால் சிலவிடங்களில் ஒடுங்கிய வாய்க்கால் போல விரைந்து பாய்கின்றது. அவ்விழுப்பில் அகப்பட்டோர் கரையை நோக்கி நேரே நீந்தி ஓய்ந்துபோவதே பல உயிர்ச்சேதங்களுக்குக் காரணம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பினின்றும் விலகிய பின்னரே கரையை நாடல் வேண்டும். நீந்தத் தெரிந்தோர் என்று செருக்குற்று இதனை அறியாதிருத்தல் தகாது. ஆற்றில் நீந்திப் பழகிய கழிமுகத்து இளைஞர் இதனை முக்கியமாக நினைவிற் கொள்வாராக; ஆற்றின் இழுப்பு ஒரு திசையது, கடலின் இழுப்பு நாளுக்கொரு திசையது.

தீவுக்கோ முகங்கள் பல. இராமேசுவரத்திற்கு வடக்கே பாக் விரிகுடா. அஃது ஆழம் குறைந்தது. தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கத்து மீனவர் அமைதியான கடலைப் பெண் கடல் என்றும், ஆரவாரிக்கும் கடலை ஆண் கடல் என்றும் வழங்குவர். தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் ஒடுங்கியிருக்கும். வடகிழக்குக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை மாறிவிடும். ஒருபுறம் அலைகடலாயினும் மறுபுறம் அடக்கமான கடல் கிடைத்தல் தீவின் தனிச்சிறப்பாம். இலட்சத்தீவுகளில் பவழப் பாறை வேலிபோற் சூழ்ந்து, உள்ளே குளம் போன்ற நீர்ப்பரப்பை அமைத்துள்ளது. சிறுவரும் அங்கு நீராடி மகிழலாம்.

நம் பக்கத்தில் இச்சிறப்பை ஒருவாறு பெற்றிருப்பது கோடிக்கரை. அங்கே கரை திடீரென மேற்கு நோக்கி வளைகின்றது. கிழக்கே திறந்த கடல், தெற்கே பாக் நீரிணை. ஆயின் அங்குச் செல்வோர் நீராடுதலை நாடாது, 1967-இல் அமைந்த வனவிலங்குச் சரணாலயத்தின் வெளிமான்களையும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரை முதலிய பறவைகளையும் நாடிச் செல்லுதல் நன்று.

இரு பேரிடர்கள் கற்பிப்பன

தீவு அபாயமானது, கரை அபாயமற்றது என்று இதுவரை கூறியதிலிருந்து யாரேனும் கருதின், அது தவறாகும். வரலாறு இரண்டையும் பற்றி நமக்கு எச்சரிக்கை தந்துள்ளது.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில்வண்டி தனுஷ்கோடியை அணுகுங்கால் கடலலையால் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. பின்னர் 46 நாட்களில் அது செப்பனிடப்பட்டதைப் பொறியியல் வல்லோர் இன்றும் வியந்து பேசுவர். ஆனால் தனுஷ்கோடி மீண்டும் ஊராகவில்லை; தலைமன்னாருக்குக் கப்பலேறிய துறையும் போயிற்று.

2004 டிசம்பர் 26-ஆம் நாளோ, ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டது. அன்று பாக் விரிகுடாப் பக்கத்துக் கரைகளுக்கு இலங்கைத் தீவே அரணாய் நின்றது. அங்குச் சேதம் குறைவு. திறந்த கரையாகிய நம் கரையே பேரிழப்பை அடைந்தது. 1964-இல் தீவும், 2004-இல் கரையும் துன்புற்றன என்பதை ஒருங்கே வைத்து நோக்குவோர், "எது பாதுகாப்பு?" என்னும் வினாவுக்கு இடத்தின் பெயரை விடையாகக் கூறார், அறிவிப்பைக் கேட்டுத் தக்க காலத்தில் அகலுதலே பாதுகாப்பு என்பர்.

2007 முதல் ஐதராபாத்திலுள்ள நிலையத்திலிருந்து ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுக்கப்பெறுகின்றது. புயலையோ சில நாட்களுக்கு முன்னரே அறிதல் கூடும். கரையிலுள்ளோர் அறிவிப்புக் கேட்டவுடன் மேற்கு நோக்கி நகரலாம். தாழ்ந்த சிறு தீவிலுள்ளோர்க்கு நகர இடமில்லை. ஆதலின் அவர் முன்னதாகவே புறப்படல் வேண்டும். கரைவாசி மணிக்கணக்கில் முடிவு செய்யலாம். தீவுவாசி நாட்கணக்கில் முடிவு செய்தல் வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையின் சாரம் இதுவே.

பருவமும் செலவும்

ஐப்பசி முதல் மார்கழி நடுப்பகுதி வரை இருவகைக் கரைகளையும் தவிர்த்தல் நலம். 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலை நம் மக்கள் மறந்திரார். சம்பா அறுவடை முடிந்து களமும் கையும் ஓயும் மாசி, பங்குனி மாதங்களே கழிமுகத்தார்க்கு மிக ஏற்றவை. வெயில் கடுமையன்று, கடலும் பெரும்பாலும் அமைதி. மாணவர்க்குக் கிடைப்பதோ சித்திரை, வைகாசி மாதங்கள். அப்பொழுது முற்பகல் பத்து மணிக்குள்ளும் பிற்பகல் நான்கு மணிக்கு மேலுமே கடற்கரை இன்பந் தரும். மேலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டிருத்தலின், கடல்மீன் உணவை எண்ணிச் செல்வோர் விலையைக் கண்டு வியப்புறாதிருப்பாராக. அஃது இனப்பெருக்கக் காலத்தில் மீன்களுக்கு நாம் தரும் விடுமுறை.

செலவைப் பற்றிப் பொதுவாகக் கூறுமிடத்து, பாலமுள்ள தீவிற் பொருள்கள் கரையிலுள்ள விலைக்கே பெரும்பாலும் கிடைக்கும். பாலமில்லாத தீவில் அரிசி முதல் எண்ணெய் வரை கப்பற்கூலியைச் சுமந்தே வருகின்றது. விடுதிக் கட்டணத்தை உயர்த்துவதோ கூட்டம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் இராமேசுவரத்திலும், கந்தூரி நாட்களில் நாகூரிலும், ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியிலும் யாத்திரிகர் நிறைந்திருப்பர். ஓய்வை நாடுவோர் அந்நாட்களை விலக்குதல் இருசாரார்க்கும் நன்மை.

யாம் கூறும் முடிவு

இரண்டு அல்லது மூன்று நாட்களே உடையோரும், கைக்குழந்தையோ நோயுற்ற முதியோரோ உடன் செல்வோரும் நம் கரையையே தேர்ந்துகொள்க. தரங்கம்பாடி இவர்க்குச் சிறந்தது. 1620-இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டையும், 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய கரையும், கடலரிப்பால் தன் முற்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலும் அங்கு ஒரு பொழுதில் நடந்து காணத்தக்கன. வரலாறு பயிலும் மாணவர்க்கு அவ்வூர் தானே ஒரு நூல்.

ஐந்து நாட்களுக்குக் குறையாது உடையோர் இராமேசுவரம் செல்க. அவருள்ளும் அச்சமுடையோர்க்கு நடுவழி ஒன்றுண்டு. மண்டபத்திலோ அரியமான் கரைப் பக்கத்திலோ நிலத்தில் உறங்கி, பகலில் தீவு சென்று மீளலாம். கரையின் வழியும் தீவின் நீரும் இவ்வாறு ஒருங்கே கிடைக்கின்றன. பத்து நாட்களும் மேலும் உடையோர், முன்னரே அனுமதிச்சீட்டுப் பெற்று இலட்சத்தீவுக்கோ, சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாளில், அன்றி விமானத்தில் சில மணி நேரத்தில், அந்தமானுக்கோ செல்க. ஒரு வாரத்திற்குள் இவற்றை அடக்க முயல்வோர் கடலைக் காண்பதினும் கடிகாரத்தைக் காண்பதே மிகுதியாயிருக்கும்.

இறுதியாக ஒன்று. விருந்தினராகச் செல்லும் நாம் அங்கு வாழ்வோரின் நீரையும் நிலத்தையுமே பகிர்ந்துகொள்கின்றோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பவழப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தமையால் அரிப்புற்று நீரில் மூழ்கின. தீவு பெரும் பொருளாயினும் மெலிந்த பொருள்; கரையிற் செய்யும் தவறு ஓராண்டில் மறையும், தீவிற் செய்யும் தவறு நெடுங்காலம் நிற்கும். கொண்டு சென்ற குப்பையை உடன் கொண்டு திரும்புதலும், குளிக்கும் நீரை ஒரு வாளியில் அடக்குதலும், பவழத்தை ஒடிக்காதிருத்தலும் நாம் செலுத்த வேண்டிய உண்மையான விடுதிக் கட்டணமாம்.

வழியை வினவி, நீரை வினவி, காற்றை வினவிப் புறப்படுவோர் தீவிலும் மகிழ்வர், கரையிலும் மகிழ்வர். வரும் விடுமுறையில் நம் மாணவ நண்பர் அனைவரும் அங்ஙனம் சென்று, நலமே திரும்புவாராக.